பக்கத்து வீட்டுக்குப் போகும் பேஸ்

இரவுச் சாப்பாடு முடிந்து படம் போடுகிறோம். நாயகன் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்கிறான், காதில் விழவில்லை. ரிமோட்டை எடுத்து வால்யூமைக் கூட்டுகிறோம். அடுத்த காட்சியில் குண்டு வெடிக்கிறது. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, தூங்கிய குழந்தை எழுந்துவிடுகிறது, மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டுகிறார். இங்கே வால்யூம் போதாமல் போகவில்லை. ஸ்பீக்கர்களுக்கு இடையே ஒலி சரியாகப் பங்கிடப்படவில்லை. ஹோம் தியேட்டர் ரிசீவரின் மெனுவில் சில அமைப்புகளை மாற்றினாலே காதும் கருவியும் அக்கம்பக்கத்து உறவும் தப்பிக்கும்.

எந்த அமைப்பு எதற்கு?

ஐந்து ஸ்பீக்கரும் கனத்த ஒலிக்கான ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 அமைப்பில் வசனத்தின் பெரும்பகுதி நடுவில் உள்ள சென்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது. ஆகவே வசனம் கேட்கவில்லை என்றால் கூட்ட வேண்டியது அந்த ஒரு ஸ்பீக்கரின் லெவலைத்தான். வால்யூமைக் கூட்டினால் வசனத்தோடு வெடிச்சத்தமும் சேர்ந்தே உயரும். பேஸ், டிரெபிள் இரண்டும் டோன் அமைப்புகள். பேஸ் கனத்த ஒலியையும் டிரெபிள் கூர்மையான ஒலியையும் கூட்டிக் குறைக்கும். 'டைரக்ட்', 'ப்யூர்' போன்ற முறைகளில் இவை பெரும்பாலும் வேலை செய்யாது.

பல ரிசீவர்களில் வால்யூம் 'மைனஸ் 20' என்பதுபோலத் தெரியும். சரியாக அளவமைத்த கருவியில் 0 என்பது சினிமா அரங்கின் ஒலி அளவு. அந்த அளவில் முன் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் உச்சத்தில் 105 டெசிபலும், சப்வூஃபர் 115 டெசிபலும் எட்டக்கூடும். அடுக்குமாடி வீட்டின் ஹாலுக்கு அது தேவையே இல்லை.

சரிசெய்யும் முறை

1. பேஸ், டிரெபிள் இரண்டையும் 0-வில் வையுங்கள்.

2. சப்வூஃபரைப் பொதுச் சுவரிலிருந்தும் மூலையிலிருந்தும் தள்ளி வையுங்கள். மூலையில் வைத்தால் பேஸ் தானாகவே பெருகும்.

3. ரிசீவரோடு மைக் வந்திருந்தால், வழக்கமாக உட்காரும் இடத்தில் காது உயரத்தில் அதை வைத்துத் தானியங்கி அளவீட்டை ஓட்டுங்கள். மைக் இல்லையென்றால் டெஸ்ட் டோனைப் போட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரும் அந்த இடத்தில் 75 டெசிபல் காட்டுமாறு லெவலை மாற்றுங்கள். கைபேசிச் செயலி ஓரளவுக்கு உதவும். ஆனால் அதன் மைக் சப்வூஃபரின் ஒலியைச் சரியாக அளக்காது.

4. சிறிய ஸ்பீக்கர்களுக்கு 'ஸ்மால்' என்று தேர்ந்தெடுத்து, கனத்த ஒலி சப்வூஃபருக்கு மாறும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

5. அதற்குப் பிறகும் வசனம் மங்கலாக இருந்தால் சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். வயதாகும்போது கூர்மையான ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் டிரெபிளையும் சற்று கூட்டலாம்.

6. இரவில் 'நைட்' அல்லது 'டைனமிக் ரேஞ்ச்' அமைப்பை இயக்குங்கள். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையிலான தூரத்தை அது சுருக்கும். குழந்தைகள் கையில் ரிமோட் போகும் வீடு என்றால், அதிகபட்ச வால்யூமுக்கு வரம்பு வைக்கும் வசதியையும் மெனுவில் தேடுங்கள்.

காதுக்கும் கருவிக்கும் வரும் கேடு

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். உட்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. படம் முடிந்த பிறகும் காதில் 'ஙொய்' என்று இரைந்தாலோ, பேச்சு மந்தமாகக் கேட்டாலோ அது எச்சரிக்கை. மறுநாளும் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துக் கேட்புத்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள்.

கருவியின் கணக்கு வேறு. ஒலியை 3 டெசிபல் கூட்ட இருமடங்கு மின்திறனும், 10 டெசிபல் கூட்டப் பத்து மடங்கும் வேண்டும். பேஸை முழுதாகத் திருகிவிட்டு வால்யூமையும் ஏற்றினால் ஆம்ப்ளிஃபையர் தன் எல்லையைத் தாண்டி ஒலியைச் சிதைக்கும். அந்தச் சிதைவில் முதலில் கருகுவது கூர்மையான ஒலியைத் தரும் ட்வீட்டர். ஒலி கரகரத்தால் உடனே குறைத்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. வீட்டில் வைத்திருக்கும் ஒலிக்கருவிக்கும் வரம்பு உண்டு. உங்கள் இடத்தின் எல்லையில் அதன் ஒலி, அந்தப் பகுதிக்கான அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. 'என் வீட்டுக்குள் நான் எப்படியும் கேட்பேன்' என்ற வாதம் எடுபடாது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வேண்டாத இரைச்சலிலிருந்து விடுபட்டு வாழ்வது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது.

ஆனால் இந்த வரம்புகளை அளக்கும் 'ஏ' அளவுகோல், கனத்த ஒலியை மிகக் குறைத்தே காட்டும். 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலி உள்ளதைவிட ஏறத்தாழ 30 டெசிபல் குறைவாகப் பதிவாகும். சுவரை எளிதில் ஊடுருவுவதும் அதே ஒலிதான். மீட்டரில் வரம்புக்குள் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் கெடுவது இதனால்தான். அவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்துவிட வேண்டாம்.

தொந்தரவு உங்களுக்கு என்றால்

முதலில் நேரில் பேசுங்கள். வால்யூமைக் குறைக்கச் சொல்வதைவிட 'சப்வூஃபரை மட்டும் கொஞ்சம் குறையுங்கள்' என்று கேட்டால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். பிறகு குடியிருப்போர் சங்கம். அதற்கும் அசையாவிட்டால், தொந்தரவு நேர்ந்த தேதியையும் நேரத்தையும் குறித்துவைத்து எழுத்துமூலம் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். இரவில் உடனடி உதவிக்கு 100 அல்லது 112. ஒலி மாசு விதிகளின்கீழ் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், துணைக் கண்காணிப்பாளருக்குக் குறையாத காவல் அதிகாரி போன்றோருக்கு உண்டு. பொதுத்தொல்லை என்று நிரூபணமானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-ஆவது பிரிவின்படி 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தொடர்ந்து நடந்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம்.

வாங்குபவரின் உரிமை

பெட்டியில் '10,000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று இருந்தால் மயங்காதீர்கள். அந்த எண்ணைக் கணக்கிடப் பொதுவாக ஏற்கப்பட்ட முறை எதுவும் இல்லை. ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு, எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு என்று கேளுங்கள். பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நியாயமற்ற வணிக முறை. வாரண்டியையும், பொருத்தித் தருபவர் சொல்லும் வாக்குறுதிகளையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பழுதான கருவியை மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை.

இந்த வாரமே ஒரு சோதனை செய்து பாருங்கள். படத்தை வழக்கமான அளவில் ஓடவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் அனுமதியோடு அவர் படுக்கையறையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அங்கே அதிர்வு தெரிந்தால் திரும்பி வந்து சப்வூஃபர் லெவலை 3 டெசிபல் குறையுங்கள். தேவைப்பட்டால் இன்னும் 3 டெசிபல். அங்கே அதிர்வு அடங்கும் அளவைக் குறித்துவைத்து, இரவுப் படங்களுக்கு அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்.