வியாபாரப் பெயரும் அதன் பதிவும்

நெசவாளியின் கைத்திறனும் விவசாயியின் உழைப்பும் சந்தையில் ஒரு பெயரைக் கொண்டே அறியப்படுகின்றன. ஒரு சேலையை வாங்கியவர், அது நன்றாக உழைத்ததைக் கண்டு மறுமுறையும் அதனையே கேட்கிறார். நெய்தவர் யார் என்பது அவருக்குத் தெரியாது. முகப்புச் சீட்டில் கண்ட பெயர் ஒன்றே தெரியும். பல ஆண்டு நேர்மையால் திரண்ட நம்பிக்கை அப்பெயரிலேயே தங்கியிருக்கிறது. அதனைப் பிறர் கவர்ந்துகொள்ளாதபடி காப்பதும், நாம் அறியாமல் பிறர் பெயரை எடுத்துக்கொள்ளாதிருப்பதும் எவ்வாறு என்பதைத் திருவேங்கடம் வட்டாரத்து அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

தொழிலின் பதிவு வேறு, பெயரின் பதிவு வேறு

சங்கம் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி பதிவாகியிருக்கலாம். கூட்டு வியாபாரம் 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவாகியிருக்கலாம். சிறு தொழில் செய்வோர் ‘உத்யம்’ பதிவும் பெற்றிருக்கலாம். இவை யாவும் தொழில் ஒன்று இருக்கிறது என்பதற்கு அத்தாட்சிகளே. சரக்கின் மீது அச்சிடும் பெயருக்கு இவை தனியுரிமை தருவதில்லை. அவ்வுரிமையைத் தருவது 1999-ஆம் ஆண்டில் நிறைவேறி, 2003 செப்டம்பர் 15 முதல் அமலில் உள்ள வியாபாரச் சின்னச் சட்டமேயாகும். ‘டிரேட் மார்க்’ என்று வழங்குவது இதுவே.

அம்பாளும் ஆண்டாளும்

பெயரைத் தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதற்குச் சென்னையில் எழுந்த ஒரு வழக்கு தக்க சான்றாகும். ‘ஸ்ரீ அம்பாள்’ என்னும் மூக்குப்பொடியின் பெயர் முன்னரே பதிவாகியிருந்தது. 1958-இல் மற்றொரு மூக்குப்பொடி வியாபாரி, ‘ஸ்ரீ ஆண்டாள்’ என்னும் பெயர் கொண்ட தம் சீட்டைப் பதிவு செய்ய மனுச் செய்தார். முந்தியவர்கள் ஆட்சேபித்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1969-இல் முடிவுற்றது. பதிவு மறுக்கப்பட்டது.

சங்கரன்கோவிலில் கோமதி அம்பாளையும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளையும் வணங்கும் நம் பகுதி மக்கள் இவ்விரு பெயரையும் ஒன்றென மயங்குவார்களா என்ற கேள்வி எழலாம். நீதிமன்றமும் இதனை எண்ணிப் பார்த்தது. தென்னாட்டு இந்துக்களுக்கு இவை வெவ்வேறு பொருள் தருவன என்பதை அது ஒப்புக்கொண்டது. ஆயினும் சரக்கை வாங்குவோர் அவர்கள் மட்டுமல்லர். பொருள் அறியாத பலரும் வாங்குகின்றனர். அவர்கள் செவிக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும் என்பது தீர்ப்பின் சாரம். ஒற்றுமையைக் கண்ணால் மட்டுமன்றிக் காதாலும் சோதிக்க வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் நியதி.

ஆகவே, சீட்டின் நிறத்தையும் படத்தையும் மாற்றிவிட்டால் போதும் என்று எண்ணுதல் தவறு. தெரிந்தெடுத்த பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். கூட்டம் மிகுந்த கடையில் கேட்டாலும் தொலைபேசியில் சொன்னாலும் வேறொரு பெயராகக் காதில் விழாததே நல்ல பெயர்.

ஊர்ப் பெயர் ஒருவர்க்கு உரியதன்று

சரக்கின் தன்மையையோ, தரத்தையோ, விளைந்த இடத்தையோ மட்டும் குறிக்கும் சொல்லைச் சட்டம் பொதுவாகத் தனியொருவருக்கு அளிப்பதில்லை. ‘நயம் உளுந்து’, ‘திருவேங்கடம் பருத்தி’ போன்றவை எல்லோருக்கும் பொதுவான சொற்கள். நெடுநாள் வழக்கத்தால் ஒருவர் சரக்கையே குறிப்பதாக நிரூபித்தாலன்றி இவை பதிவாவது அரிது.

ஊரின் புகழைக் காக்கப் புவிசார் குறியீடு என்னும் வேறொரு பதிவு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இலும் அதனைப் பெற்றன. பால்கோவாவுக்காக விண்ணப்பித்தது அவ்வூர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத் தக்கது.

பதிவு முறை

முதலாவதாக, பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் அதே பெயரோ, அதனை ஒத்த பெயரோ உண்டா என்று தேட வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. முகப்புச் சீட்டு அச்சிடுமுன் இதனைச் செய்தல் அவசியம்.

இரண்டாவதாக, சரக்கின் வகுப்பை அறிதல் வேண்டும். சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நூல் 23-ஆம் வகுப்பு. துணியும் படுக்கை விரிப்பும் 24. உடுத்தும் ஆடைகள் 25. மாவும் மசாலாப் பொடியும் 30. பதப்படுத்தாத தானியம் 31.

மூன்றாவதாக, விண்ணப்பம். தமிழ்நாட்டாருக்குரிய அலுவலகம் சென்னைக் கிண்டியில் உள்ளது. 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, தனிநபருக்கும் சிறு தொழில் நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு ரூ. 4,500, ஏனையோருக்கு ரூ. 9,000. இது இணையவழிக் கட்டணம். காகிதத்தில் அளித்தால் முறையே ரூ. 5,000, ரூ. 10,000 ஆகும்.

அலுவலகம் பரிசீலித்து ஆட்சேபணை எழுப்பினால், ஒரு மாதத்துக்குள் பதில் அளித்தல் வேண்டும். வாளாவிருந்தால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். ஏற்கப்பட்ட பெயர் அரசாங்கச் சின்ன இதழில் வெளியாகும். அதன்பின் நான்கு மாதத்துக்குள் எவரும் எதிர்ப்பு மனுக் கொடுக்கலாம். எதிர்ப்பு இல்லையேல் சான்றிதழ் கிடைக்கும். விண்ணப்பித்த நாள் முதல் 10 ஆண்டு வரை அது செல்லும்; பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். பதிவு செய்தும் ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தாத பெயரைப் பிறர் மனுவின்பேரில் நீக்கவும் சட்டத்தில் இடமுண்டு. வட்டத்துள் ‘ஆர்’ எழுத்துப் பொறித்த முத்திரையைச் சான்றிதழ் பெற்ற பின்னரே அச்சிட வேண்டும்.

பில்களைப் பேணுக

பதிவு செய்யாத பெயருக்கு அறவே பாதுகாப்பு இல்லை என்பதன்று. முன்னதாகப் பயன்படுத்தி வந்தவரின் உரிமையைச் சட்டம் மதிக்கிறது. தம் சரக்கைப் பிறர் சரக்கென ஏமாற்றி விற்பவர் மீது வழக்கும் தொடரலாம். ஆனால், எந்நாள் முதல் அப்பெயரில் விற்றோம் என்பதை நாமே நிரூபிக்க வேண்டும். தேதியிட்ட பில்களும், பழைய சீட்டுகளும், விளம்பரத் துண்டுகளும் அப்போது பொன்னாகும். பதிவுச் சான்றிதழ் இருப்பின் இச்சுமை பெரிதும் குறையும்.

யார் பெயரில் பதிவது?

இதுவே மிகவும் கருத வேண்டிய விஷயம். பலர் உழைப்பில் புகழ் பெற்ற பெயரை வசதி கருதி ஒரு நிர்வாகியின் பெயரிலோ விற்பனையாளரின் பெயரிலோ பதிவு செய்தால், அவர் விலகும் நாளில் பெயரும் அவருடன் விலகக்கூடும். சங்கத்தின் பெயர் சங்கத்துக்கே பதிவாக வேண்டும். அங்கத்தினர் அனைவரும் பயன்படுத்தத் தக்க ‘கூட்டுச் சின்னம்’ என்னும் பதிவுக்கும் சட்டத்தில் வழியுண்டு. யார், எத்தரத்தில் அதனைப் பயன்படுத்தலாம் என்னும் விதிகளையும் விண்ணப்பத்துடன் சேர்த்தளிக்க வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்து, நம் சீட்டில் உள்ள பெயர் யாருக்குரியது, பதிவாகியுள்ளதா என்று கேட்டறிவார்களாக. தறியையும் நிலத்தையும் காப்பது போலவே பெயரையும் காத்தல் நம் கடமையாகும்.