மலைநாட்டுப் பாடல்களும் உளநூலும்

இலக்கியம் பயில்வோர் கையில் உளநூல் ஒரு விளக்காக வந்து சேர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலாகும். மனத்தின் அடியில் மறைந்துள்ள ஆசையும் அச்சமும் உருமாறிக் கனவில் தோன்றும் என்றார் வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட். கவிதையிலும் கதையிலும் அவ்வாறே அவை தோன்றும் என்று கொண்டு பலர் இலக்கியத்தை ஆராயலாயினர். ஏர்ணஸ்ட் ஜோன்ஸ் 1949இல் ஹாம்லெட் நாடகத்தைப் பற்றி இவ்வகையில் ஒரு நூலே வெளியிட்டார். அரச குமாரனின் உள்ளத்தை அளந்த இக்கோல், அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்டத்து லயங்களில் வழங்கிய பாடல்களையும் அளக்குமா?

அப்பாடல்களைத் தேடித் தொகுத்தவர்களுள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த அவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, நையாண்டி எனப் பலவகைப் பாடல்கள் மலைநாட்டில் வழங்கின. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியிலேயே உற்றாரைப் பறிகொடுத்த மக்களின் நினைவு அவற்றிற் படிந்துள்ளது.

ஒப்பாரியின் போக்கை நோக்குக. ஊரை இழந்ததும், தோப்பை இழந்ததும், தாயைப் பிரிந்ததும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லப்படுகின்றன. 1917இல் வெளிவந்த கட்டுரையொன்றில் பிராய்ட் துக்கத்தையும் உளச்சோர்வு நோயையும் வேறுபடுத்தினார். அன்புக்குரியவரை இழப்பதால் மட்டுமன்றி, தாய்நாட்டையும் சுதந்திரத்தையும் இழப்பதாலும் துக்கம் பிறக்கும் என்றார். துக்கமுற்ற மனம் நினைவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தே மெல்ல ஆறுதலடைகின்றது. நோயுற்ற மனமோ தான் இழந்தது யாதென்பதையே தெளிவாக அறியாது. தோட்டத்துப் பெண்ணோ இழந்தவற்றைப் பெயர் சொல்லி எண்ணினாள். ஆதலின் அவள் பாட்டு நோயின் குறியன்று. ஆறுதலைத் தேடும் மனத்தின் உழைப்பேயாகும்.

கங்காணியைப் பழிக்கும் நையாண்டிப் பாடல்களுக்கும் உளநூல் விளக்கம் தருகின்றது. அதிகாரத்தை நேரே எதிர்க்க இயலாதவன் நகைச்சுவையால் எதிர்க்கிறான் என்று பிராய்ட் 1905இலேயே காட்டியிருந்தார். ஆள் சேர்த்தவனும், கடன் கொடுத்தவனும், வேலை வாங்கியவனும் ஒருவனே ஆனபோது, பிரட்டுக்களத்தில் அடங்கிய நா கும்மியில் அவிழ்ந்தது.

எனினும் இவ்விளக்கை ஏந்துவோர்க்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். மக்கள் துயரின் வேரை அவர்தம் மனத்தினுள்ளேயே தேடுவது பெரும் பிழையாகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மக்களைப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படுவதாக ஒத்திவைக்கப்பட்டது. கடல் கடந்து வந்தவரின் பிள்ளைகள் மீண்டும் கடல் கடந்தனர். உறவுகள் மீண்டும் பிரிந்தன. இவை மனம் கற்பித்த இழப்புகளல்ல; ஏட்டில் எழுதப்பட்டவை.

பாட்டு எவ்வாறு ஆறுதல் தருகின்றது என்பதை உளநூல் கூறும். அழுகைக்குக் காரணம் யாதென்பதை வரலாறே கூறும். இரண்டையும் ஒருங்கே கேட்பவர்க்கே மலைநாட்டுப் பாடல் முழுமையாகப் பொருள்படும்.