இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள்

இடுப்பெலும்பு முறிந்து வார்டில் படுத்திருக்கும் பாட்டிக்கு நாலாம் நாள் புடவை மாற்றும்போது, பிட்டத்துக்கு மேலே ஒரு ரூபாய் நாணய அளவில் தோல் கறுத்திருப்பது கண்ணில் படுகிறது. வலியில்லை என்கிறார். பவுடர் போட்டுவிடுகிறார்கள். அடியில் சதை சாகத் தொடங்கியிருப்பது யாருக்கும் தெரிவதில்லை.

படுக்கைப்புண் பல நேரம் உள்ளிருந்து வெளியே வருகிறது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி, நுண்குழாய்களில் ரத்தம் நின்றுபோகிறது. நல்ல உடம்பு தூக்கத்திலும் தானே புரண்டுகொள்ளும். பக்கவாதம் வந்தவரால், நினைவில்லாதவரால் முடியாது.

முதல் அறிகுறி சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் அது வெளுக்காது என்பது பழைய பாடம். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது அது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எங்கே தெரிகிறது? பக்கத்துத் தோலைவிடக் கருநீலமாக இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு, பின்மண்டை இவற்றைத் தினமும் பார்க்க வேண்டும்.

இதைத் தடுக்கும் வழி புரட்டுவதுதான். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். தண்டுவடம் முறிந்த போர்வீரர்கள் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்துக்கொண்டிருந்த காலம். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டியே ஆகவேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நின்றார். பிழைத்தவர்களுக்காக 1948இல் அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது.

புரட்டுவதிலும் முறை உண்டு. முழுதாக ஒருக்களிக்க வேண்டாம். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். தரதரவென இழுக்காமல் விரிப்போடு தூக்கி நகர்த்துங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. நிறம் மாறிய இடத்தைத் தேய்க்கவே கூடாது. வளையம்போன்ற காற்றுத் தலையணையும் வேண்டாம். அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை நெரிக்கும். ஏர் பெட் உதவும், ஆனால் அது வந்துவிட்டது என்று புரட்டுவதை நிறுத்தக் கூடாது. ஈரத்துணியை உடனே மாற்றுவதும், ஒத்துக்கொண்டால் முட்டை, பருப்பு கொடுப்பதும் சிகிச்சையில் சேர்ந்தவையே.

இரவில் ஒரு வார்டையே தனியாகப் பார்க்கும் செவிலியரால் இத்தனை பேரையும் புரட்ட முடியாது. அவரைக் குறை சொல்வது அநியாயம். ஆள் போட வேண்டும். அதுவரை, துணைக்கு இருப்பவருக்குச் சேர்த்த அன்றே கற்றுத்தர வேண்டும். சொல்லித்தராவிட்டால் நீங்களே கேளுங்கள்: "சிஸ்டர், எப்படிப் புரட்டணும், ஒருதரம் செஞ்சு காட்டுங்க."