கட்டபொம்மன் படைக்கு எத்தனை சதுர அடி?

சிவாஜி நாடக மன்றம் 1957இல் சேலத்தில் அரங்கேற்றிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 100 தடவைக்கு மேல் மேடையேறியது. நாடகத்தை எழுதிய சக்தி கிருஷ்ணசாமியே வசனம் எழுத, பி.ஆர். பந்துலு 1959 மே மாதம் அதைப் படமாக்கிக் கொண்டுவந்தார்: வண்ணப்படம், 201 நிமிடம். வசனம் மேடையிலிருந்து அப்படியே திரைக்கு நடந்து வந்துவிடும். படை வராது.

மேடையில் 12 பேர் போதும். ஒரு பக்கம் மறைந்தவர்கள் படுதாவுக்குப் பின்னால் ஓடி மறுபக்கம் நுழைந்தால், பாளையத்துப் படை முழுக்கக் கடந்துபோனதாகச் சனம் கைதட்டும். கேமரா கோட்டை வாசலைத் தூரத்திலிருந்து காட்டினால் 300 பேராவது நிற்க வேண்டும். போர்க்காட்சிக்குப் பந்துலு ஜெய்ப்பூர் வரை போனது சும்மா இல்லை.

ஆம்பூரில் தோலைச் சதுர அடியில்தான் பேசுவோம். அந்தக் கணக்கிலேயே ஒரு வீரனை அளந்து பார்த்தேன். 42 அங்குல நீளம், 4 அங்குல அகல இடுப்புவார் 1.2 சதுர அடி. வாளுறை 1.1. 18 அங்குல வட்டக் கேடயத்துக்கு 2.25. செருப்பு ஒரு ஜோடிக்கு 1. வெட்டுக்கழிவு ஏறக்குறைய 1 சேர்த்தால் ஆளுக்கு 6.5 சதுர அடி. மேடையின் 12 பேருக்கு 78 சதுர அடி. திரையின் 300 பேருக்கு 1,950. ஒரு எருமைத்தோல் 25 சதுர அடி என்று வைத்தால், 78 முழுத்தோல்!

அதைவிடப் பெரிய செலவு, எந்தத் தோல் என்பதில் இருக்கிறது. இன்று டேனரிகளில் பெரும்பாலும் குரோம் பதனீடுதான்; சில நாளில் முடிந்துவிடும். மேலே என்ன சாயம் பூசினாலும், குரோம் தோலை வெட்டினால் விளிம்பில் நீலச்சாம்பல் கோடு தெரியும். இருபதாவது வரிசையில் உட்கார்ந்தவருக்கு அது தெரியாது. கேமரா கட்டபொம்மனின் இடுப்பருகே போனால் கண்ணில் குத்தும். அவரைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799இல். குரோம் பதனீடு சென்னைக்கு வந்ததே 1900க்குப் பிறகுதான்.

ஆகவே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல்தான் வேண்டும். விளிம்பு வரை ஒரே தேன்பழுப்பு. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ஆம்பூர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த வேலை அது. எருமைத்தோலுக்கு ஒரு மாதத்துக்குக் குறையாது. பிறகு வெட்ட, தைக்க நாள் வேண்டும். இந்த நாடகத்தை மறுபடி படமாக்க நினைப்பவர்கள், நடிகரிடம் தேதி வாங்கும் முன் இங்கே 78 தோலுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.