ஸ்டேஷனுக்கு ஒரு பாட்டு: 15 வருஷம் கழித்து முடிந்த ஒரு ரயில் ஆல்பம்

'நருட்டோ' பார்த்தவர்களுக்கு இந்த பேண்டை அறிமுகப்படுத்தவே வேண்டாம். அதில் வரும் 'ஹருகா கனாட்டா' பாட்டு ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷன் போட்டதுதான். பேரைப் பார்த்து சண்டைப் படமோன்னு நினைக்காதீங்க. 1996-ல் யோகஹாமா பக்கம் காலேஜில் படிக்கும்போது ஒன்று சேர்ந்த ராக் பேண்ட் இது.

இவர்களுடைய ஆல்பங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது, 2008 நவம்பரில் வந்த 'சர்ஃப் புங்ககு காமகுரா'. புங்ககு என்றால் இலக்கியம். அலைச்சறுக்கும் இலக்கியமும் ஒரே தலைப்பில் எப்படின்னு கேட்டால், காமகுரா அப்படிப்பட்ட ஊர். ஒரு பக்கம் கடலில் பலகையோடு பசங்க. இன்னொரு பக்கம் நோபல் பரிசு வாங்கிய கவபாட்டா யசுநாரி மாதிரி எழுத்தாளர்கள் குடியிருந்த தெருக்கள்.

இந்த ஊருக்கு ஃபுஜிசவாவிலிருந்து 'எனோடென்' என்று ஒரு குட்டி ரயில் போகிறது. மொத்தமே 10 கிலோமீட்டர், ஒற்றைத் தண்டவாளம். வீட்டுக் கொல்லைப்புறங்களை உரசிக்கொண்டு போகும். ஓரிடத்தில் கார்களோடு ரோட்டிலேயே ஓடும். பிறகு சட்டென்று கடல். ஆல்பத்தின் பாட்டு ஒவ்வொன்றுக்கும் இந்தப் பாதையின் ஒரு ஸ்டேஷன் பேர்தான் தலைப்பு, அதுவும் வரிசை மாறாமல். 'ஃபுஜிசவா லூசர்' என்று கிளம்பி 'காமகுரா குட்பை' என்று இறங்கணும்.

தலைப்புகளிலேயே குறும்பு இருக்கு. 'எனோஷிமா எஸ்கார்' என்பதில் உள்ள எஸ்கார், எனோஷிமா தீவில் இருக்கும் எஸ்கலேட்டர். காசு கொடுத்து டிக்கெட் வாங்கித்தான் ஏறணும். மேலே மட்டும்தான் போகும், இறங்க நடைதான். கோகுராகுஜி என்றால் சொர்க்கத்தின் பேர் கொண்ட கோயில். பாட்டுக்குப் பேரோ 'கோகுராகுஜி ஹார்ட்பிரேக்'!

அதே வருஷம் மார்ச்சில் இவர்கள் போட்ட 'வேர்ல்ட் வேர்ல்ட் வேர்ல்ட்' பார்த்துப் பார்த்து இழைத்த ஆல்பம். இது அதற்கு நேரெதிர். பெரும்பாலான பாட்டுகளை நாலு பேரும் சேர்ந்து நின்று ஒரே டேக்கில் வாசித்துப் பதிவு செய்தார்கள். கிடார் கொஞ்சம் கரகரக்கும், குரல் கொஞ்சம் தத்தளிக்கும். அந்தச் சுத்தமில்லாத சத்தம்தான் இதன் ருசி. வீஸர் பேண்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உடனே புரியும்.

ஆனால் ஒரு குறை இருந்தது. எனோடெனில் 15 ஸ்டேஷன். ஆல்பத்தில் 10 பாட்டு. இஷிகாமி, யனகிகோஜி, ஷோனான் கைகன்கோஎன், காமகுரா கோகோ மாஎ, வதசுகா... இந்த ஐந்திலும் ரயில் நிற்கவே இல்லை. இதில் வேடிக்கை, 'ஸ்லாம் டங்க்' அனிமேயின் தொடக்கப் பாட்டில் வரும் லெவல் கிராசிங், விட்டுப்போன காமகுரா கோகோ மாஎ பக்கத்தில்தான் இருக்கு. இன்று செல்ஃபி எடுக்க உலகமே அங்கேதான் குவிகிறது. மற்ற நாலும் அந்த ஊர்க்காரர்கள் அன்றாடம் ஏறி இறங்கும் சாதாரண நிறுத்தங்கள்.

2023 ஜூலையில் அந்தக் கணக்கைத் தீர்த்தார்கள். பழைய பத்தையும் திரும்பப் பதிவு செய்து, ஐந்து புதுப்பாட்டு சேர்த்து 'முழுப் பதிப்பு' வெளியிட்டார்கள். காமகுரா கோகோ மாஎவுக்குக் கிடைத்தது 'நிஸ்ஸகா டவுன்ஹில்'. நிஸ்ஸகா, அந்த கிராசிங்கை நோக்கி இறங்கும் சரிவுச் சாலையின் பேர். கேமராக்கள் குறிவைக்கும் இடத்துக்குப் பாட்டு எழுதும்போதும், ஊர்க்காரர்கள் சொல்லும் பேரைத்தான் எடுத்திருக்காங்க.

நடுவில் ஒரு புதுத்தலைமுறையும் ரயிலேறியது. 2022-ல் வந்த 'போச்சி தி ராக்' அனிமேயில் பேண்டில் இருக்கும் நாலு பெண்களின் குடும்பப் பேர்கள் கோட்டோ, கிட்டா, யமதா, இஜிச்சி. ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷனின் நாலு பேருடைய குடும்பப் பேர்களும் அவையேதான். ஒன்பதாவது எபிசோடின் தலைப்பே 'எனோஷிமா எஸ்கார்'.

எதைக் கேட்பது? முதலில் 2008 பதிப்பு. இளசுகளின் அவசரம் அதில்தான் இருக்கு. புதுப் பதிவில் சத்தம் தெளிவு, கை பழுத்திருக்கு. எனக்கென்னவோ பழசின் படபடப்புதான் ஒரு படி மேல். ஆனால் அந்த ஐந்து ஸ்டேஷனுக்காக இரண்டாவதையும் கேட்டே ஆகணும். எதைக் கேட்டாலும் ஷஃபிளை அணைச்சுடுங்க. வரிசை மாறினால் ரயில் தடம்புரண்டுவிடும்.