ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்காமல் சர்க்கரையைக் கண்டுபிடிக்கலாம்... தெரியுமா?

விரலில் ஊசி இல்லை, வெறும் வயிற்றில் காத்திருக்க வேண்டாம். பத்து விநாடி ஈசிஜி போதும், சர்க்கரை நோய் இருக்கிறதா என்று கணினி சொல்லிவிடும் என்றால் நம்புவீர்களா?

நாக்பூரில் செய்து பார்த்திருக்கிறார்கள்! சர்க்கரை நோய் அதிகம் தாக்கும் சிந்தி குடும்பங்களைச் சேர்ந்த 1,262 பேருக்கு ஈசிஜி எடுத்து, அதிலிருந்து 10,461 இதயத் துடிப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து, அவற்றைக் கொண்டு கணினியைப் பழக்கினார்கள். 'டயாபீட்ஸ்' என்பது அந்த மெஷின் லேர்னிங் முறையின் பெயர். சர்க்கரை நோயா, அதற்கு முந்தைய கட்டமா, இரண்டுமே இல்லையா என்று அது பிரித்துச் சொன்னதில் சுமார் 97 சதவீதம் சரி! 2022-ல் இந்த முடிவு வெளியானது.

சர்க்கரைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? நல்ல இதயம் கடிகாரம் மாதிரி ஒரே சீராகத் துடிப்பதே இல்லை, தெரியுமா? மூச்சை இழுத்தால் சற்று வேகமெடுக்கும், விட்டால் நிதானிக்கும். வருடக்கணக்கில் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால், இதயத்தை ஆட்டுவிக்கும் நரம்புகள் பழுதாகி இந்த ஏற்ற இறக்கம் குறைந்துபோகும். அதேபோல, சர்க்கரை சட்டென்று இறங்கினால் ஈசிஜியில் மேடாக எழ வேண்டிய டி அலை தட்டையாகிவிடும். க்யூ அலையில் தொடங்கி டி அலை முடியும் வரையிலான க்யூ-டி இடைவெளி நீளும். இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் ஈசிஜியை வைத்தே தாழ்சர்க்கரையைப் பிடித்துக் காட்டினார்கள். டாக்டரின் கண்ணுக்குத் தப்பும் நுணுக்கம்கூட கணினிக்குத் தப்புவதில்லை!

இத்தனைக்கும் ஈசிஜி நூறு வருடத்துக்கும் மேல் பழையது. ஹாலந்தில் அதை உருவாக்கிய ஐந்தோவன் காலத்தில், இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும்! 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஈசிஜி மெஷின் இல்லாத ஊர் குறைவு. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு இப்படி ஒரு எளிய வழி கிடைத்தால் எவ்வளவு பெரிய வரம்!

ஆனால் நாக்பூரில் சோதித்தது நோய் வாய்ப்பு அதிகமுள்ள ஒரே சமூகத்தாரை. எல்லோருக்கும் இது பொருந்துமா என்பது இனிதான் நிரூபணமாக வேண்டும். இதற்கிடையில், ஊசியில்லாமல் தாமாகவே சர்க்கரை அளக்கும் வாட்ச், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. விளம்பரத்தைப் பார்த்து வாங்கி, அதை நம்பி இன்சுலின் அளவை மாற்றிவிடாதீர்கள். இப்போதைக்கு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்ளுங்கள்!