சேத அளவும் நிகழ்தகவுப் பரவலும்

இணைய விளையாட்டுகள் பலவற்றில் ஓர் ஆயுதம் ஏற்படுத்தும் சேதம் ஒரே எண்ணாக இராது; ஓர் எல்லைக்குள் தற்செயலாக மாறும். ஆகவே இரு ஆயுதங்களை ஒப்பிடச் சராசரி மட்டும் போதாது. நிகழ்தகவுப் பரவலையும் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 2023-இல் வெளியான பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டில் பெருவாளின் அடிப்படைச் சேதம் இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை; பெருங்கோடரியின் சேதம் ஒரு பன்னிரண்டுமுகப் பகடையில் விழும் எண்.

வாளின் சராசரி 7. கோடரியின் சராசரி 6.5. திட்டவிலக்கம் முறையே ஏறத்தாழ 2.42, 3.45. வாளில் மொத்தமுள்ள 36 வழிகளில் 7 கிடைக்க 6 வழிகளும், 12 கிடைக்க ஒரே வழியும் உள்ளன. கோடரியில் 1 முதல் 12 வரை எல்லா எண்களும் சமவாய்ப்புடையவை.

பட்ட ஓர் அடியில் எதிரியை வீழ்த்தும் நிகழ்தகவு, அவரிடம் எஞ்சிய உயிர்ப்புள்ளிகளைப் பொறுத்தது:

- 7 புள்ளிகள்: வாள் 58.3%, கோடரி 50%
- 8 புள்ளிகள்: இரண்டும் 41.7%
- 10 புள்ளிகள்: வாள் 16.7%, கோடரி 25%

நீண்ட சண்டையில் பல அடிகளின் மொத்தச் சேதம் சராசரியை ஒட்டியே அமைவதால் அங்கு வாள் சிறந்தது. 8-க்கு மேல் உயிர்ப்புள்ளி எஞ்சிய எதிரியை ஒரே அடியில் வீழ்த்த, சராசரி குறைந்த கோடரிக்கே வாய்ப்பு அதிகம்.